காவல் வேறு, காப்பு வேறு

(ஆத்தூரில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)

  

காவல், காப்பு என்னும் இரு சொற்களும் 'கா' என்னும் ஒரே வேரிற் கிளைத்தவை. ஒரே வேரிற் பிறந்தும் அவை குறிக்கும் பொருள் ஒன்றன்று. நெற்களத்திற்கு ஆள் வைப்பது காவல். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவது காப்பு. கள்வனிடமிருந்து பொருளைக் காப்பது காவல். பொருளிடமிருந்து மாந்தனைக் காப்பது காப்பு. இவ்விரண்டும் வேண்டற்பாலனவே. ஆயினும், காவல் உள்ள இடத்தில் காப்பும் உள்ளது என்று மயங்குவது பெருங்கேடு.

வேதித் தொழிலகம் ஒன்றன் வாயிலுக்குச் சென்று பாருங்கள். உயர்ந்த மதில் இருக்கும். மதிலின்மேல் முள்வேலி இருக்கும். சீருடையணிந்த காவலர் இருப்பர். 'இசைவின்றி உள்ளே வருதல் கூடாது' என்னும் பலகை பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் பொருள் யாது, அது வெளிப்பட்டால் மூக்கைப் பொத்துவதா, ஓடுவதா, எத்திசையில் ஓடுவது என்று ஊர்மக்களுக்குச் சொல்லும் பலகை மட்டும் இராது. பொருளுக்குக் காவல் உண்டு, மக்களுக்குக் காப்பில்லை. இக்குறைபாட்டை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

ஆத்தூர்க்கு இப்பேச்சு எதற்கு என்று சிலர் வினவலாம். கீழ்ப்பழனி மலையடிவாரத்தில், குடகனாற்றின் குறுக்கே காமராசர் நீர்த்தேக்கத்தைக் கொண்டு, திண்டுக்கல் நகரத்தார்க்குக் குடிநீர் வழங்கும் ஊர் இது. நெல்லும் தென்னையும் வாழையும் விளையும் இம்மண்ணில் வேதித் தொழிலகங்களைப் பற்றி என்ன கவலை என்று எண்ணுவோர், இந்த ஆறு ஆத்தூரைக் கடந்தபின் எய்திய நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

திண்டுக்கல் நெடுங்காலமாகப் பூட்டுக்கும் தோலுக்கும் பெயர் பெற்ற நகரம். தோலைப் பதனிடுதல் கைவினையாகத் தொடங்கிப் பின்னர் வேதித்தொழிலாக மாறிற்று. ஆவாரம்பட்டை பயன்பட்ட இடத்தில் குரோமிய உப்பு வந்தது. குரோமிய முறையில் தோல் பதனிட ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன என்றும், ஒரு கிலோ தோலை முடிக்க 35 லிட்டர் நீர் வேண்டும் என்றும், உச்ச நீதிமன்றம் என வழங்கும் உச்ச முறைமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996-ஆம் ஆண்டு ஆகசுட்டு 28-ஆம் நாள் அளித்த தீர்ப்பிலேயே எடுத்துக் கூறிற்று. அந்த நீரெல்லாம் எங்கே போயிற்று? ஆற்றிலும் நிலத்திலும் போயிற்று.

அத்தீர்ப்பில் திண்டுக்கல்லைப் பற்றிய செய்தியும் உண்டு. திண்டுக்கல், இரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் தன்னார்வ அமைப்பொன்று நடத்திய ஆய்வை முறைமன்றம் எடுத்துக்காட்டிற்று. குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயின என்பதே அவ்வாய்வின் முடிவு. நான்கு கிணற்றில் மூன்று கிணறு! பெண்களும் சிறுவர்களும் குடிநீர்க்காகப் பல கல் தொலைவு நடந்தனர் என்பதும் அங்கே பதிவாகியுள்ளது. இரெட்டியார்சத்திரம் ஆத்தூர்க்கு அயலூர் அன்றோ? அங்குக் கெட்ட கிணறுகளுக்குரிய உழவரும் இங்குள்ள உழவரைப் போன்றவரே அல்லரோ?

அத்தீர்ப்பு, திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிலகம் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் உருபா தண்டம் விதித்தது. கெடுத்தவனே ஈடு செய்தல் வேண்டும் என்பதையும், கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்னரே தடுத்தல் வேண்டும் என்பதையும் இந்நாட்டுச் சட்டத்தின் கூறுகளாக நிலைநிறுத்திற்று. பெருமைக்குரிய தீர்ப்புத்தான். ஆயின், தீர்ப்பு வந்த நாளில் அந்த 350 கிணறுகளும் கெட்டு முடிந்திருந்தன. சட்டம் பின்னே வந்தது. நஞ்சு முன்னே வந்தது.

இனி, இம்மாவட்டத்தின் மலைமேல் நிகழ்ந்ததைக் காண்க. 1980-களின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டில் மூடப்பட்ட வெப்பமானித் தொழிலகம் ஒன்றன் பொறிகள் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. பாதரசம் என மக்கள் வழங்கும் இதள், கண்ணாடிக் குழல்களில் அடைக்கப்பட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. பாண்ட்சு குழுமம் தொடங்கிய அத்தொழிலகம் பின்னர் இந்துசுத்தான் லீவர் குழுமத்தின் கைக்கு வந்தது. இதள் வெளிப்பார்வைக்கு அழகியது; வெள்ளியை உருக்கி ஓடவிட்டாற் போன்றது. அதன் ஆவிக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சோடு உட்சென்று நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும் ஒன்றை மூக்கும் கண்ணும் காட்டிக்கொடா. அதனைக் காட்டிக்கொடுக்கக் கூடியது எழுத்து ஒன்றே, அறிவிப்பு ஒன்றே.

2001-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் பழம்பொருட் கடையொன்றில் இதள் படிந்த உடைகண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடப்பது வெளிப்பட்டது. மக்கள் திரண்டனர்; தொழிலகம் மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் இதட்கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. உரிய காப்பின்றித் தங்களை வேலை வாங்கியதால் உடல்நலம் கெட்டதாக முன்னாள் தொழிலாளர் முறையிட்டனர். குழுமம் அதனை மறுத்தது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்திற்குப் பின், 2016 மார்ச்சில், 591 தொழிலாளர்க்கு உதவித்தொகை வழங்கும் உடன்பாடு சென்னை உயர் முறைமன்றத்தின் முன் ஏற்பட்டது. தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை.

இந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அத்தொழிலகம் சட்டமே இல்லாத காட்டில் நடந்ததன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இருந்தது. 1986-இல் சுற்றுச்சூழற் காப்புச் சட்டம் வந்தது. 1989-இல் இடர்மிகு வேதிப்பொருள்களைச் செய்தல், சேமித்தல், இறக்குமதி செய்தல் ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. இத்தனையும் ஏட்டில் இருந்தபோதே, இதள் படிந்த கண்ணாடி மூட்டை மூட்டையாக ஊர்க்கடைக்கு வந்தது. ஏட்டில் இருக்கும் சட்டம் ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவ வேண்டுமாயின் அது மக்கள் கைக்கு வருதல் வேண்டும்.

இச்சட்டங்கள் எப்படிப் பிறந்தன? பிணங்களின்மேற் பிறந்தன. 1958-இல் பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி உணவுப் பொருளிற் கலந்து, கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பத்தாண்டு கழித்து 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. 1976 சூலை 10-ஆம் நாள் இத்தாலியின் செவேசோ நகரில் நச்சு முகில் பரவிற்று. 1982-இல் ஐரோப்பிய நாடுகள் பொதுநெறி ஒன்றை வகுத்தன. 1984 திசம்பர் 2-ஆம் நாள் இரவு போபாலில் யூனியன் கார்பைடு தொழிலகத்திலிருந்து மெதில் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவளி ஏறத்தாழ 40 டன் வெளிப்பட்டது. அரசின் கணக்கின்படியே ஐயாயிரவர்க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன் பின்னரே 1986-ஆம் ஆண்டுச் சட்டமும், 1987-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தமும், 1989-ஆம் ஆண்டு விதிகளும், 1991-ஆம் ஆண்டுப் பொதுப்பொறுப்புக் காப்பீட்டுச் சட்டமும், 1996-ஆம் ஆண்டு வேதிநேர்ச்சி விதிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

போபாலில் காவல் இல்லாமலில்லை; காப்புத்தான் இல்லை. நச்சுப்பொருளைக் குளிர்விக்கும் அமைப்பு அன்று நிறுத்தப்பட்டிருந்தது. வெளிப்படும் வளியை எரிக்கும் கோபுரம் பயன்படும் நிலையில் இல்லை. செயல்முறைக் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. தொழிலாளர் பலர்க்கு ஆங்கிலம் எட்டாமொழி. சுற்றியிருந்த மக்கட்கோ எந்த மொழியிலும் எதுவும் சொல்லப்படவில்லை. நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு காற்றுக்குக் குறுக்கே செல்லுங்கள் என்னும் ஒரு தொடர் அவர்கள் மொழியில் முன்னரே அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தால், எத்தனை உயிர் எஞ்சியிருக்கும்! அத்தொழிலகத்தில் எஞ்சிக் கிடந்த நச்சுக்கழிவில் 337 டன் போபாலை விட்டு அகன்றது 2025 சனவரியில்தான். நாற்பது ஆண்டுகள்!

இனிக் காவலைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். வேதிப்பொருளைத் தீயோர் களவாடிப் படைக்கலமாக்குவர் என்னும் அச்சம் பொய்யன்று. அமெரிக்க நாட்டில் 2007-இல் வேதித் தொழிலகங்களுக்கெனத் தனிக் காவல்நெறிகள் வகுக்கப்பட்டன. அவை நடப்பில் இருந்தபோதே, 2013 ஏப்பிரல் 17-ஆம் நாள் டெக்சாசு மாநிலத்தின் வெசுட்டு என்னும் சிற்றூரில் உரக்கிடங்கொன்று வெடித்துப் பதினைவர் மாண்டனர். அங்கிருந்த அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றிக் காவல்துறைக்குப் பொறுப்பான நடுவண் அமைப்புக்குத் தெரியவே தெரியாது. அந்நெறிகளுக்குரிய சட்டமும் புதுப்பிக்கப்படாமல் 2023 சூலை 28-ஆம் நாள் காலாவதியாயிற்று. செல்வச் செழிப்புள்ள நாட்டின் நிலையே இது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய செய்தி உண்டு. 2020 ஆகசுட்டு 4-ஆம் நாள் பெய்ரூட்டுத் துறைமுகத்தில் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட்டு வெடித்து நகரத்தையே சிதைத்தது. அதன் பின்னரே, சென்னை மணலியில் சுங்கத்துறை 2015-இல் கைப்பற்றிய அதே பொருள் ஏறத்தாழ 700 டன் ஐந்தாண்டுகளாகக் கொள்கலங்களில் கிடப்பது பேசப்பட்டது. சில நாட்களில் அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது. அங்குக் காவல் இருந்தது; பூட்டு இருந்தது; முத்திரை இருந்தது. ஆனால் மதிலுக்கு அப்பால் வாழ்ந்த மக்களுக்கு அப்பெட்டிகளுள் என்ன இருந்தது என்பது பெய்ரூட்டு வெடித்த பின்னரே தெரிந்தது. பூட்டு, பொருளைக் காத்தது; மக்களை அறியாமையில் வைத்தது.

2023 திசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பகுதியில் உரத்தொழிலகம் ஒன்றன் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலான ஊர்களின் மக்கள் இருளில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டனர். எத்திசையில் ஓடுவது என்று அவர்கட்கு யார் சொன்னார்? மணம்தான் சொன்னது, கண்ணெரிச்சல்தான் சொன்னது.

தமிழ்ப் பெருமக்களே! சட்டம் இதனைச் சொல்லாமல் விட்டதா? இல்லை. இதனைத்தான் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 1987-ஆம் ஆண்டுத் திருத்தம், இடர்மிகு தொழில் நடத்துவோர் தம் தொழிலின் கேடுகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் தொழிலாளர்க்கும், தலைமை ஆய்வாளர்க்கும், உள்ளாட்சி மன்றத்திற்கும், அயலில் வாழும் பொதுமக்களுக்கும் அறிவித்தே ஆகவேண்டும் என்று விதித்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, தொழிலக அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்றது. 1989-ஆம் ஆண்டு விதிகள், பெருநேர்ச்சி நிகழக்கூடிய தொழிலகத்தார் வெளியே வாழும் மக்கட்குச் செய்யத்தக்கன, தகாதன ஆகியவற்றை அறிவிக்கக் கட்டளையிட்டன. 1996-ஆம் ஆண்டு விதிகள், மாவட்ட அளவிலும் வட்டார அளவிலும் இடர்க்குழுக்கள் அமைத்து, கேட்பார்க்குச் செய்தி தரவும், வட்டார அளவில் ஆறு திங்களுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தவும் பணித்தன.

பழைய தொழிற்சாலைச் சட்டம் நீங்கி, 2020-இல் இயற்றப்பெற்ற தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அறிவிக்கும் கடமை அதிலும் தொடர்கின்றது. ஆயின் ஒன்று மாறிற்று. மின்விசை உள்ள இடத்தில் பதின்மர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்த வரம்பு இருபதின்மராக உயர்ந்தது. இடர்மிகு தொழிலாயின் ஒருவர் வேலை செய்யும் இடத்தையும் சட்டத்திற்குள் கொண்டுவர அரசுக்கு அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தைப் பயன்படுத்துவது அரசின் கையில் உள்ளது. சிறு சாயப்பட்டறையில் ஐவர் கையுறையின்றிச் சாயத்தொட்டியிற் கையை விடுவது எண்ணிக்கை குறைவென்பதால் ஏதமற்றதாகி விடுமோ? நஞ்சு தலையெண்ணிக் கொல்வதில்லை.

சட்டம் கேட்கும் 'விளங்கும் மொழி' தமிழ்நாட்டில் எது? தமிழ். இதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. எனினும் நடைமுறை எப்படி உள்ளது? நெடுஞ்சாலையில் ஊர்திகள் நச்சுநீர்மத்தை ஏற்றிச் செல்கின்றன. அவற்றின் பின்புறத்தில் எழுதப்பட்டிருப்பது ஆங்கிலம், அல்லது இந்தி. உழவர் வாங்கும் பூச்சிக்கொல்லிக் குப்பியில் சாய்ந்த நாற்கட்டம் ஒன்று உண்டு. அதன் கீழ்ப்பாதி சிவப்பாயின் கொடு நஞ்சு, மஞ்சளாயின் அதற்கு அடுத்த கடுமை, நீலமாயின் இடைத்தரம், பச்சையாயின் குறைந்த நஞ்சு. பொதியுடன் வட்டாரமொழியில் துண்டறிக்கை இருத்தல் வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு விதி. அத்துண்டறிக்கையின் எழுத்து எறும்பினும் சிறிது. இந்த நான்கு நிறங்களின் பொருள் இவ்வூரில் எத்தனை உழவர்க்குச் சொல்லப்பட்டுள்ளது? பச்சையைக் கண்டு 'பயிர்க்கு நல்லது' என்று கொள்வோரும் உளரே!

இங்குத் தனித்தமிழன்பர்க்கு ஒரு சொல். தமிழில் எழுதினாற் போதாது. தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் எழுதுதல் வேண்டும். 'நஞ்சு' என்பது தூய தமிழ், எவர்க்கும் விளங்கும். 'இதள்' என்பதும் தூய தமிழே. ஆயினும், இதள் என்று மட்டும் எழுதிய பலகையைக் கண்ட தொழிலாளி அது பாதரசம் என்று அறியாமற் கையில் அள்ளினால், அத்தூய்மையால் யார்க்கு என்ன பயன்? அங்கே இரண்டையும் எழுதுக. 'இதள் (பாதரசம்) – நஞ்சு – மூச்சில் இழுக்காதே' என எழுதுக. உயிரைக் காத்தபின் சொல்லைக் காக்கலாம். உயிர்போன பின் சொல்லுக்கு வாய் ஏது? யார்க்கும் விளங்காத தமிழ் தனித்தமிழ் அன்று. அது தனித்து நிற்கும் தமிழ். மக்கள் நாவில் வழங்கி அவர்க்கு உதவும்போதே மொழி வளரும்.

மற்றொன்று. 2015 சனவரி 31-ஆம் நாள் இராணிப்பேட்டையில் தோற்கழிவுத் தூய்மை நிலையத்தின் தொட்டிச்சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த பதின்மர் கழிவுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவருட் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தோர். தமிழர்க்குத் தமிழில் அறிவிப்பு வேண்டும் என்று கேட்கும் அறம், வங்கத்தார்க்கு வங்கமொழியிலும் ஒடியர்க்கு ஒடியமொழியிலும் அறிவிப்பு வேண்டும் என்பதையும் தன்னுள் அடக்கியதே. தாய்மொழி உரிமை தமிழர்க்கு மட்டும் உரிய தனிச்சொத்தன்று. அவ்வுரிமையை நன்கு உணர்ந்தவர் தமிழர். ஆகலின் பிறர்க்காகவும் கேட்கும் கடமை தமிழர்க்கு மிகுதி.

எனில், செய்யத்தக்கது யாது? கூட்டத்தில் கைதட்டிக் கலைவது எளிது. தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் ஊர்மன்றக் கூட்டம், அதாவது கிராம சபை, ஆண்டுக்கு ஆறு முறை கூட்டப்படுதல் வேண்டும். அக்கூட்டத்தில் நான்கு வினாக்களை எழுத்து வடிவில் எழுப்புக.

ஒன்று: இவ்வூராட்சி எல்லையிலும் அயலிலும் இடர்மிகு வேதிப்பொருளைச் செய்யும், சேமிக்கும் இடங்கள் எவை? அவற்றில் உள்ள பொருள் எது? எவ்வளவு?

இரண்டு: அப்பொருள் வெளிப்பட்டால் மக்கள் செய்ய வேண்டுவன எவை? அவை தமிழில் அச்சிட்டு வீடுதோறும் வழங்கப்பட்டனவா?

மூன்று: மாவட்ட ஆட்சியரின் பொறுப்பில் அமைந்த வெளிப்புற இடர்த் திட்டத்தில் இவ்வூர் உண்டா? கடைசி ஒத்திகை என்று நடந்தது?

நான்கு: கழிவு எங்கே போகின்றது? கிணற்று நீர் என்று ஆய்வு செய்யப்பட்டது? ஆய்வின் முடிவு எங்கே ஒட்டப்பட்டுள்ளது?

விடை வாராதாயின், 2005-ஆம் ஆண்டுத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். கேட்பது கலகமன்று, பகையுமன்று. தொழில் வேண்டா என்று சொல்வாரும் ஈண்டு எவரும் இலர். தோல் தொழிலும் சாயத்தொழிலும் பல்லாயிரவர்க்குச் சோறிடுகின்றன. சோறிடும் கை நஞ்சிடாதிருத்தல் வேண்டும் என்பதே வேண்டுகோள். காப்பை முன்னரே செய்யும் தொழிலகம் நிலைக்கும். செய்யாதது கொடைக்கானலிற்போல் மூடப்பட்டு, தொழிலாளியைத் தெருவிலும் நஞ்சை மண்ணிலும் விட்டுச் செல்லும்.

பள்ளி ஆசிரியர்களும் தமிழ் கற்ற இளைஞர்களும் இப்பணிக்கு முன்வருதல் வேண்டும். வேதிப்பொருள்களின் காப்புத்தாள்களை எளிய தமிழில் பெயர்த்து, உழவர்க்கும் தொழிலாளர்க்கும் படித்துக் காட்டுவதும் தமிழ்த்தொண்டே. மேடையில் தமிழை வாழ்த்துவதினும், பூச்சிமருந்துக் குப்பியின் நிறத்தை எழுத்தறியா உழவர் ஒருவர்க்கு விளக்கிச் சொல்வது பெருந்தொண்டு.

திண்டுக்கல்லும் இரெட்டியார்சத்திரமும் இழந்த கிணறுகளை எந்தத் தீர்ப்பும் மீட்டுத் தரவில்லை. ஆத்தூரின் கிணறுகளும் நீர்த்தேக்கமும் இன்னும் மக்களுக்குப் பயன்படுகின்றன. காவலர் காப்பது மதிலுக்கு உட்பட்ட பொருளை. மதிலுக்கு வெளியே உள்ள உயிர்களைக் காப்பது, அறிந்து கேட்கும் மக்களே. வரும் ஊர்மன்றக் கூட்டத்திலேயே கேட்கத் தொடங்குங்கள்!

வாழ்க தமிழ்! வாழ்க தமிழ்மக்கள்!